நாலு பட்டன் ரோஸ்

போன வாரம் கல்லறைத் திருநாள். அன்று காலை எங்கள் விழுப்புரம் வீட்டு மொட்டை மாடியில் நாலே நாலு ரோஜா பூத்திருந்தன. பட்டன் ரோஸ். ஒவ்வொன்றும் ஐந்து ரூபாய்க் காசு அகலம்தான் இருக்கும். நாலு பூவுக்கு ஒரு பத்தியா என்று கேட்பீர்கள்... கேளுங்கள், சொல்கிறேன்.

ஜூலையில் திண்டிவனம் போய்த் திரும்பும்போது ரோட்டோர நர்சரியில் ஐந்து தொட்டி பட்டன் ரோஸ் வாங்கினேன். செடி வளர்ப்பதில் அதுதான் என் முதல் முயற்சி. என் வீட்டுக்காரர் ஒரு பூவை முகர்ந்து பார்த்துவிட்டு, வாசனையே இல்லாத ரோஜாவை யாராவது வாங்குவார்களா என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பூத்துக் குலுங்க வைத்துக் காட்டுகிறேன் பார் என்று மனசுக்குள் சபதம்.

மூன்றே வாரம். கொழுந்தெல்லாம் பச்சை நிறத்தில் பொடிப் பூச்சி. அசுவினியாம். உரக்கடைக்காரர் லேபிள் கிழித்த கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஏதோ மருந்தைக் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். என்ன மருந்து என்று நானும் கேட்கவில்லை. படித்தவள்தானே நான்?

மறுநாள் அதைப் பக்கெட்டில் கலந்துகொண்டிருந்தேன். கீழ் போர்ஷனில் குடியிருக்கும் ஸ்டெல்லா — தையல் வேலை செய்பவள் — துணி காயப்போட மேலே வந்தாள். கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, அத மூடுங்க. அந்த வாடை எனக்குத் தெரியும்."

என் மாடி, என் செடி, இவளுக்கென்ன என்றுதான் முதலில் தோன்றியது. உண்மையை மறைப்பானேன்?

மூடிய பிறகு சொன்னாள். அவள் கணவர் கூலிக்கு மருந்து அடித்தவர். முதுகில் டேங்க்கை மாட்டிக்கொண்டு திண்டிவனம் பக்கத்து ஊர்களில் நெல்லுக்கும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கும் நாள் முழுக்க அடிப்பாராம். ஒருநாள் எதிர்க்காற்று. மூக்கில் ஒரு துண்டுகூடக் கட்டவில்லை. சாயந்திரம் வாந்தி எடுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தவர், மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். ஒன்பது வருடமாகிறது. அவர் இல்லை என்று எனக்குத் தெரியும். எப்படி என்று நான் கேட்டதே இல்லை.

"கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் பூ வாங்கிக்கினு போவாங்க. நான் மெழுகுவத்தி மட்டும் ஏத்திட்டு வந்துடுவேன். கடையில இருக்கறது பூரா மருந்து அடிச்ச பூ. அத எப்பிடிக்கா அவரு மேல வெக்கறது?"

சாமிக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்கு... பூ இல்லாமல் நமக்கு எதுவும் நடக்காது. அதிலும் பூச்சி அரிக்காத பூவாகப் பார்த்து வாங்குவோம். பூச்சி ஏன் அரிக்கவில்லை, அதற்காக யார் எதிர்க்காற்றில் நின்றார் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா?

பாட்டிலைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன். இதற்கெல்லாம் பயந்தால் செடி வைக்க முடியாதுங்க என்றார். வாதாடாமல் வந்துவிட்டேன்.

அதன் பிறகு தினமும் காலையில் இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி, மிச்சப் பூச்சியை விரலால் வழித்தெடுத்தேன். வாரம் ஒருமுறை பூந்திக்கொட்டைத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்து தெளித்தேன். மொட்டு விட்டதும் அதையும் நிறுத்தினேன். ஆர்வக்கோளாறில் கடலைப் பிண்ணாக்கை அள்ளி வைத்து இரண்டு செடியை நானே கொன்றேன். மூன்று பிழைத்தன.

அக்டோபர் கடைசியில் பதினோரு மொட்டு. கூடவே மழை. மொட்டுகள் அழுகி உதிர ஆரம்பித்தன. குடையைக் கொண்டுபோய்ச் செடிக்குப் பிடித்தபடி நின்றேன். எதிர்வீட்டுக்காரர் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும். துணி காயப்போட வரும்போதெல்லாம் ஸ்டெல்லாவும் தொட்டிகளைப் பார்ப்பாள், ஒன்றும் கேட்கமாட்டாள். பூக்கும் என்று சொல்ல எனக்கும் பயம்.

நாலுதான் தப்பித்தன. பறித்து அவள் கையில் கொடுத்தேன். ஒன்றை மூக்கருகே கொண்டுபோனாள். இதில் வாசனை வராது ஸ்டெல்லா என்றேன்.

"தெரியும்க்கா."

தெரிந்தும், நான்கையும் ஒவ்வொன்றாக, கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக முகர்ந்தாள். பிறகு கைக்குட்டையில் வைத்து மடித்தாள்.

"ஒரு வாடையும் இல்லக்கா. எடுத்துக்கினு போறேன்."

வாசனை இல்லாத ரோஜா எதற்கு என்று என் வீட்டுக்காரர் இப்போது கேட்கட்டும்!