உள்பாவாடையில் தைத்த காசு

கப்பலில் ஏறுவதற்கு முதல் நாள் மாலை என் மனைவி தன் உள்பாவாடையில் ஒரு பை தைத்தாள். தைக்கச் சொன்னது நான். ஆயிரத்து இருநூறு யூரோவை, எல்லாம் ஐம்பது யூரோத் தாள்களாக, பொலித்தீனில் சுற்றி அதற்குள் வைத்து, வாயையும் சேர்த்துத் தைக்கச் சொன்னேன்.

"நடக்கேக்கை தொடையிலை குத்தும்," என்றாள்.

"ஏழு நாள்தானே."

"அறைக்குள்ளை இரும்புப் பெட்டி இருக்குமாம். பிள்ளை சொன்னவள்."

"அந்தப் பெட்டியைத் திறக்கிற நம்பர் கப்பல்காரரிட்டையும் இருக்கும். உம்மடை பாவாடைக்கை ஆர் கை வைப்பான்?"

"இந்த வயசிலை ஒருத்தரும் வைக்கமாட்டினம்," என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

இந்தப் பழக்கம் எங்களுக்குப் புதிதல்ல. நாட்டை விட்டு வெளிக்கிட்டபோதும் ஏஜென்சிக்காரனுக்குக் கொடுக்க வேண்டிய டொலர்களை அவளுடைய பாவாடை ஓரத்தில்தான் கொண்டுவந்தோம். எத்தனையோ சோதனைச் சாவடிகளைக் கடந்து அந்தக் காசு வந்து சேர்ந்தது. எங்கள் ஆட்களில் பலர் அப்படி வந்தவர்கள்தான். அன்றைக்கு அது எங்களைக் காப்பாற்றியது. அதனால் எக்காலத்துக்கும் அதுவே சரி என்று நான் நம்பிவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் நான் வங்கியில் காசாளராக இருந்தவன். இத்தாலியின் பலேர்மோ நகருக்கு வந்து மாடிப்படிகள் கழுவினேன், ஒரு கிழவரைக் குளிப்பாட்டிப் பராமரித்தேன். என் மனைவி ஒரே சிஞ்ஞோராவின், அதாவது ஒரே இத்தாலிய எசமானியின், வீட்டில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தாள். மாத முடிவில் சம்பள உறையைப் பிரிக்காமல் கொண்டுவந்து என் கையில் தருவாள். பஸ்ஸுக்கும் மரக்கறிக்கும் நான் எண்ணிக் கொடுப்பேன். அதை அவள் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. சொல்லாததால் குறை இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கப்பல் பயணம் எங்கள் மகள் தந்த பரிசு. எங்கள் வீட்டுப் பல்கனியிலிருந்து பார்த்தால் துறைமுகத்தில் அந்தப் பெரிய வெள்ளைக் கப்பல்கள் வந்து நிற்பது தெரியும். "ஒருக்கா அதுக்குள்ளை போய்ப் பாக்கவேணும்" என்று மனைவி எப்போதோ சொன்னதை மகள் மனதில் வைத்திருந்தாள். நேப்பிள்ஸ், ஜெனோவா, மார்செய், பார்சலோனா, தூனிஸ், பிறகு திரும்பவும் பலேர்மோ. டிக்கெட்டோடு ஒரு கட்டுத் தாள்களும் தந்தாள்.

"அப்பா, கப்பலுக்குள்ளை காசு செல்லாது. ஆளுக்கொரு அட்டை தருவினம். என்ரை வங்கிக் காட்டைப் பதிஞ்சு விட்டிருக்கிறன். குடிக்கிறது, வாங்கிறது எல்லாம் அதிலை போகும். நீங்கள் ஒண்டையும் யோசிக்காதேங்கோ."

நான் யோசித்தேன். ஏறிய உடனேயே வரவேற்பு மேசைக்குப் போய், மகளுடைய வங்கி அட்டையை நீக்கச் சொல்லி, என் பணப்பையிலிருந்து முந்நூறு யூரோவைக் காசாக முற்பணம் கட்டினேன். பிள்ளைக்குச் செலவு வைக்கக்கூடாது என்பது நான் எனக்கே சொன்ன காரணம். என் கணக்குக்குள் வேறொருவர் கை வருவது எனக்குப் பிடிக்காது என்பதுதான் உண்மை.

மகள் தந்த தாள்களில் ஒன்றின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் கோடு போட்டு ஓர் அட்டவணை கீறினேன். கப்பலில் ஒரு போத்தல் தண்ணீரின் விலை, ஒரு கோப்பியின் விலை, ஆளுக்கு ஒரு நாளைக்கு அவர்களாகவே கழிக்கிற சேவைக் கட்டணம், தூனிசின் தினார் யூரோவுக்கு எவ்வளவு என்பது எல்லாவற்றையும் எழுதினேன். கீழ்த்தட்டில் மருத்துவ அறையின் கதவில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலையும் பார்த்து எழுதினேன். வைத்தியரைப் பார்க்க நூற்றைம்பது யூரோ. மருந்தும் சோதனைகளும் வேறு. மனைவிக்கு அதை வாசித்துக் காட்டி, "ஏழு நாளைக்கு வருத்தம் வராமல் பாத்துக்கொள்ளும்," என்று பகிடியாகச் சொன்னேன். அவளும் சிரித்தாள்.

மாடியில் ஓர் இயந்திரம் இருந்தது. அட்டையைக் காட்டினால் மிச்சக் காசு எவ்வளவு என்று சொல்லும். காலையும் மாலையும் அதன் முன்னால் போய் நின்றேன். எனக்குப் பின்னால் வரிசை சேரும்.

"நீங்கள் கப்பல் பாக்க வந்தனீங்களோ, கணக்கு எடுக்க வந்தனீங்களோ?" என்று மனைவி கேட்டாள். "பின்னுக்கு நிக்கிற சனம், இவர் கப்பலையே விலைக்கு வாங்கப்போறார் எண்டு நினைக்கப்போகுது."

அவள் மட்டும் கப்பலைப் பார்த்தாள். மேல்தட்டில் கதிரையைச் சாய்த்துப் போட்டு, கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருப்பாள். அப்படிக் கால் நீட்டி இருந்ததை நான் எங்கள் வீட்டில் கண்டதில்லை. இன்றைக்கு அந்தப் பயணத்தில் நினைத்துப் பார்க்க எனக்கு நல்லதாக இருப்பது அந்த ஒன்றுதான்.

ஆறாம் நாள், ஆபிரிக்கக் கரையில் உள்ள தூனிஸ். துறைமுகத்துக்குள் காசு மாற்றும் கருமபீடம் இருந்தது. நான் அங்கே போகவில்லை. வாசலுக்கு வெளியே நின்ற ஒருவன் இன்னும் பத்துத் தினார் கூடத் தருவதாகச் சொன்னான். பணப்பையில் மிஞ்சியிருந்த அறுபது யூரோவை அவனிடம் மாற்றினேன். ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எண்ணினேன். கள்ள நோட்டு ஒன்றும் இல்லை. வங்கிக் கதிரையில் இருந்த பழைய ஆளாக என்னை உணர்ந்தேன்.

கடைத்தெருவில் மனைவி ஒரு மண் கோப்பையைத் தூக்கினாள். மஞ்சளும் நீலமும் பூசிய கோப்பை.

"சிஞ்ஞோராவுக்கு இதை வாங்குவம். எனக்கு எத்தினை வருசம் சோறு போட்ட மனுசி."

கடைக்காரன் நாற்பது தினார் என்றான். நான் இருபத்தைந்து என்றேன். அவன் முப்பதுக்கு இறங்கினான். இன்னும் இறங்குவான் என்று நினைத்து நடந்தேன். அவன் கூப்பிடவில்லை. எனக்குத் திரும்பிப் போக மனம் வரவில்லை. மனைவி கோப்பையைப் பக்குவமாக இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு என் பின்னால் வந்தாள்.

கப்பலுக்குத் திரும்பும்போது கையில் நூற்றைம்பது தினாருக்கு மேல் மிஞ்சியிருந்தது. கருமபீடத்தில் நீட்டினேன். உள்ளே இருந்த பெண் இத்தாலிய மொழியில், மாற்றிய பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்டாள். பற்றுச்சீட்டு இல்லாமல் யூரோ தரமுடியாது. நாட்டுக்கு வெளியே தினாரைக் கொண்டுபோகவும் கூடாது. அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். அவளுடையதைப் போன்ற கதிரையில் இருந்து அதையே நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

"அந்தக் கோப்பையையே வாங்குவம், வாரும்," என்று மனைவியைத் திரும்பவும் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

"நீங்கள் போட்டு வாங்கோவன். நான் இதிலை இருக்கிறன்."

"தனிய இருக்கக்கூடாது. அவ்வளவு காசும் உம்மட்டை இருக்கு."

அதுதான் நான் சொன்ன காரணம். உச்சி வெயிலில், இருபது நிமிட நடை. போனபோது கடை பூட்டிக் கிடந்தது. கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாகத் திரும்பினோம். துறைமுக வாசலில் அவள் நின்றுவிட்டாள். ஒரு கையால் தாடையைப் பிடித்திருந்தாள்.

"தாடை நோகுது. இந்தக் கையும் உளையுது."

"பல்லாயிருக்கும்," என்றேன். என் மனம் தினாரில் இருந்தது.

மாலை ஐந்து மணியளவில் கட்டிலில் கிடந்தாள். குளிரூட்டி ஓடுகிற அறையில் அவளுக்கு நெற்றி வியர்த்திருந்தது. நான் மேசையில் இருந்து அட்டவணையில் இழப்பை எழுதிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சருங்கோ."

"என்ன?"

"நெஞ்சுக்கை இறுக்கிற மாதிரிக் கிடக்கு. ஒருக்கா அந்த டொக்டரிட்டைக் காட்டுவமோ?"

அவள் கேட்டாள். இதை நான் தெளிவாக எழுத வேண்டும். வாழ்க்கையில் என்னிடம் தனக்கென்று கேட்டவை மிகக் குறைவு. இதை அவள் கேட்டாள்.

என் கண் போனது தாளுக்கு. கப்பல் கணக்கில் மிஞ்சியிருந்தது நூற்றுமுப்பது யூரோவும் சில்லறையும். வைத்தியருக்கு நூற்றைம்பது. மிச்சத்துக்குப் பாவாடையைப் பிரிக்க வேண்டும்.

"விடிஞ்சால் பலேர்மோ. அங்கை ஆஸ்பத்திரியிலை சும்மா பாப்பினம். இஞ்சை கதவைத் தட்டினாலே நூற்றைம்பது. வெயில்தான் உமக்கு ஒத்துக்கொள்ளேல்லை. தண்ணியைக் குடிச்சிட்டுப் படும்."

தண்ணீர்ப் போத்தலை எட்டி எடுத்தாள். பிறகு, "ஓம், அதுவும் சரிதான்," என்றாள்.

நான் சாப்பிடப் போனேன். சாப்பாடு டிக்கெட்டோடு சேர்ந்தது. விட்டால் நட்டம் என்று போனேன்.

காலையில் அவளால் நிற்க முடியவில்லை. கப்பல் ஊழியர்கள் சக்கர நாற்காலியில் இறக்கினார்கள். துறைமுக வாசலில் டாக்சி பிடித்தேன். வைத்தியசாலையில் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு ஒரு வைத்தியர் வெளியே வந்து, நெஞ்சு நோவு எப்போது தொடங்கியது என்று கேட்டார். கதவு திறந்திருந்தது. அவள் அந்தப் பக்கக் கட்டிலில் கிடந்தாள். என்னைவிட அவளுக்கு இத்தாலிய மொழி நன்றாக விளங்கும்.

"இன்று காலை," என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பதில் அவளுக்குச் செய்த வைத்தியத்தை மாற்றியதா என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கத் துணிவு வரவில்லை.

சிறிது நேரத்தில் ஒரு தாதி வெளியே வந்து ஒரு பிளாஸ்டிக் உறையை என்னிடம் தந்தாள். அதற்குள் தாலிக்கொடி, இரண்டு காப்பு, கத்தரிக்கோலால் வெட்டி எடுத்த பாவாடைத் துண்டு. தையல் பிரியாமல் காசு அப்படியே இருந்தது. இது உங்களுடையதா என்று கேட்டாள். ஆம் என்று கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

இதயத்தில் பெரிய பகுதி செத்துவிட்டது என்றார்கள். இது அன்று காலை தொடங்கியதாக இருக்க முடியாது என்றும் மகளிடம் சொல்லியிருக்கிறார்கள். மகள் வந்து கட்டிலருகே நின்று தாயைக் கேட்டாள். நான் கட்டிலின் கால்மாட்டில் இருந்தேன்.

"முதல் நாளே நொந்ததுதான் பிள்ளை," என்றாள் மனைவி. "அப்பா டொக்டரிட்டை வா வா எண்டு நிண்டவர். நான்தான் மாட்டன் எண்டிட்டன்."

அவள் என் பக்கம் பார்க்கவில்லை. நான் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தாள். கட்டிலிலிருந்து குசினிக்குப் போக இரண்டு தரம் நின்று மூச்சு எடுப்பாள். மண் கோப்பை கிடைக்காத சிஞ்ஞோரா இரண்டு தரம் மாடி ஏறி வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனாள். நான் சமைத்தேன், உடுப்புத் தோய்த்தேன், வேளைக்கு மாத்திரை கொடுத்தேன். அதைப் பார்த்தவர்கள் என்னைப் புகழ்ந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் அந்த மாலையைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. கதைக்க நேரம் இருந்தது. ஒரு நாள் தொடங்கினேன். "அண்டைக்குக் கப்பலிலை..." என்றேன். "விடுங்கோ, தேத்தண்ணி ஆறப்போகுது," என்றாள்.

அவள் போன பிறகு எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். மகள் அதிகமாகத் தேற்றினாள். "நீங்கள் சொன்னனீங்கள்தானே அப்பா, அவ கேக்கேல்லை," என்பாள். ஒவ்வொரு தடவையும் நான் தலையைக் குனிந்துகொள்வேன். துக்கம் என்று அவள் நினைப்பாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து சில வாரங்களுக்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாதி தந்த உறையில் நகைகளையும் திரும்பப் போட்டு, அதையும் தினார்களையும் என் அட்டவணைத் தாளையும் எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனேன். குசினி மேசையில் வைத்தேன். நடந்ததை மேலே எழுதிய ஒழுங்கிலேயே சொன்னேன். முடிந்ததும் அவள் கேட்டாள்.

"டொக்டருக்கு எவ்வளவு?"

"நூற்றைம்பது."

தாளைக் கையில் எடுத்தாள். என்னுடைய கோடுகளையும் எண்களையும் பார்த்தாள். பிறகு மறுபக்கம் திருப்பினாள். நான் அந்தப் பக்கத்தை வாசித்ததில்லை.

"இது காப்புறுதித் தாள் அப்பா. கப்பலிலை வருத்தம் வந்தால் அவையள் கட்டுவினம். ரெண்டு பேருக்கும் டிக்கெட்டோடையே எடுத்தனான்."

தாளை என் பக்கமாகத் தள்ளினாள். தலைப்பை வாசிக்க எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. எழுத்து பெரிதாகத்தான் இருந்தது.

அவள் எழுந்துபோய்க் குழாயைத் திறந்தாள். கழுவ ஒன்றும் இருக்கவில்லை. மூடிவிட்டு, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

"எட்டு மாசமும் நான் அம்மாவை ஏசினனான் அப்பா. ஏன் போகேல்லை, ஏன் பிடிவாதம் பிடிச்சனீங்கள் எண்டு வாற நேரமெல்லாம் ஏசினனான். நீங்கள் பக்கத்திலை இருந்து கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்."

"ஓம்," என்றேன்.

வெளிக்கிடும்போது உறையை அங்கேயே விட்டுவிட்டுப் படி இறங்கினேன். இரண்டாம் மாடியில் வரும்போது மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மகள் செருப்பில்லாமல் இறங்கி வந்து அதை என் கையில் வைத்தாள்.

"இதைக் கொண்டு போங்கோ," என்றாள். "எனக்கு வேண்டாம்."

இப்போது தாலிக்கொடியும் காப்புகளும் மகளிடம் இருக்கின்றன. அடுத்த கிழமை தானாக வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். காசு என் அலமாரியில் இருக்கிறது. என் மனைவி பல்லால் அறுத்த நூலோடு, தைத்தது தைத்தபடி.