நாலாவது கட்டம் பச்சை

விருத்தாசலத்தில் ராஜாங்கம் முதலாளியின் பீங்கான் பட்டறையில் சூளை மேஸ்திரியாக இருந்த கோதண்டபாணிக்கு இரண்டு விஷயங்களில் கர்வம் உண்டு. சூளைச் சுவரில் ஒரு செங்கல்லை உருவி உள்ளே எட்டிப் பார்த்தால், நெருப்பின் நிறத்தை வைத்தே சூடு எவ்வளவு என்று சொல்லிவிடுவார். இது முதலாவது. அப்படிச் சொல்ல இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது என்பது இரண்டாவது. பட்டறைக்கென்று ஒரு சூட்டுமானி இருந்தது. அது ரிப்பேருக்காக மெட்ராஸ் போய் நான்கு வருஷமாகியும் திரும்பி வரவில்லை. "வராததே நல்லதுங்க. இருந்த வரைக்கும் எங்கிட்ட தப்புத் தப்பா பேசிக்கிட்டு இருந்துச்சு" என்பார்.

நான் நீலாவதி. அதே பட்டறையில் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுகிறவள். குடியிருப்பதும் அவருக்கு அடுத்த வீடுதான். ஆகவே இந்தக் கர்வத்தைப் பகலில் பட்டறையிலும், சாயங்காலம் வேலிக்கு இந்தப் பக்கத்திலும் கேட்டுத் தொலைக்க வேண்டியிருந்தது.

அறுபத்தொன்பதாம் வருஷம் மார்கழியில், சூளை பற்றவைக்க வந்த முந்திரி விறகுக் கட்டுக்குள் ஒரு பச்சோந்தி இருந்தது. கரி நிறத்தில், அசையாமல், குச்சியோடு குச்சியாக ஒட்டிக்கொண்டிருந்தது. விறகு இறக்கிய பாவாடை, "விஷம், விஷம்" என்று கட்டையை ஓங்கினான். மேஸ்திரி நடுவில் போய் நின்றார்.

"டேய், அது விஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல. குளிர்ல வெறச்சிப் போயிருக்குது. நெருப்புக்காரன்கிட்ட வந்து சேர்ந்திருக்குது பாரு, அதுக்கு இருக்குற அறிவு உனக்கு இல்ல."

ஒரு கம்பிவலைக் கூண்டு செய்து, சூளைக் கொட்டகையில் சுவரோரமாக வைத்தார். வெதுவெதுப்பில் பச்சோந்தி மெல்ல நிறம் மாறி அன்று மாலையே பச்சையாகிவிட்டது. பட்டறை முழுக்க அதைச் சின்ன மேஸ்திரி என்று கூப்பிட ஆரம்பித்தது. பெரிய மேஸ்திரிக்கு அதில் வருத்தமில்லை. நாள்தோறும் வெட்டுக்கிளி பிடித்து வரச் சொல்லி எங்களை ஏவுவது மட்டும்தான் தாங்க முடியவில்லை.

ஆனால் சூளை என்ன, எப்போதும் ஒரே மாதிரியா இருக்கும்? இரண்டு நாள் எரியும், மூன்று நாள் ஆறும். எரிகிற நாளில் பச்சோந்தி வெளுத்துப்போய் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். ஆறின பிறகு திரும்பவும் கறுத்துவிடும். தினம் வர்ணத்தோடு மாரடிக்கிறவள் நான், எனக்கு இது தெரியாமல் போகுமா? கழித்துப் போட்ட வெள்ளை டைல் ஒன்றை எடுத்து மேலிருந்து கீழாக ஆறு கட்டம் போட்டேன். கறுப்பு, கரும்பழுப்பு, பழுப்பு, பச்சை, மஞ்சள், வெளுப்பு. "இந்தாங்க அண்ணே, மெட்ராஸ் போன சூட்டுமானிக்குப் பதிலா. கறுத்தா குளிரு, வெளுத்தா சூடு, நாலாவது கட்டம் பச்சைன்னா சவுக்கியம்" என்று கேலியாகத்தான் கொடுத்தேன். அவரோ டைலை வாங்கி வெகு நேரம் பார்த்தார்.

"பச்சை ஒண்ணைத் தள்ளிட்டா சூளைக்கும் இதே வரிசைதான், தங்கச்சி. கறுப்புல ஆரம்பிச்சி வெளுப்புல முடியும். நம்ம ஜாதிதான் இது" என்றார். அன்றிலிருந்து அந்த டைல் கூண்டின் மேல் தொங்கியது.

இவ்வளவு சூடு பார்த்துக் கொடுத்தும் மாசி மாதத்தில் பச்சோந்திக்குக் கால் தள்ளாட ஆரம்பித்தது. குச்சியைப் பிடிக்கத் திராணியில்லை. நாக்கை நீட்டினால் பூச்சி வரைக்கும் போகவில்லை. மேஸ்திரி கூண்டைச் சூளைக்கு இன்னும் இரண்டு அடி கிட்டே தள்ளி வைத்தார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். விஷயத்தைப் பிடித்தது அவர் மனைவி தங்கம்மாள். சோற்றுத் தூக்கோடு வந்தவள் கூண்டைப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில் கரி தள்ளுகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இருட்டுக் கொட்டாயில வச்சி வேக வைக்கிறியே, அது என்ன பீங்கானா? வடகம்கூட வெயில்லதான காயுது, அடுப்பு மேலயா காயுது? வெளிச்சம் வேணாமா அதுக்கு?"

கூண்டு அன்றே வீட்டுக்குப் போனது. காலையில் ஒரு மணி நேரம் எலுமிச்சை மரத்தடியில் இளவெயில், பிறகு நிழல். மழை நாளிலும் பனி நாளிலும் மின்சார பல்பு. அதுவும் கூண்டின் ஒரு ஓரத்தில் மட்டும். சூடு வேண்டுமென்றால் அந்தப் பக்கம் போகலாம், வேண்டாமென்றால் இந்தப் பக்கம் வரலாம். பொழுது சாய்ந்தால் பல்பு அணைந்துவிட வேண்டும், தூக்கம் கெடக்கூடாது. இலையில் தெளித்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக நக்கும். ஒரு மாதத்தில் தேறிவிட்டது. இதில் ஒரே ஒரு சங்கடம், மேஸ்திரி வீட்டுக்குக் கரண்டு வந்தே ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இருந்ததே ஒரு பல்பு. மூட்டமான நாளில் தங்கம்மாள் பகலிலேயே சிமினி விளக்கு ஏற்றிக்கொண்டு சமைப்பாள். "மூணு வருஷம் மனு எழுதி வாங்குன வெளிச்சம், ஓணானுக்குப் போயிடுச்சி" என்று தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

அடுத்த ஐப்பசியில் ஒரு சூளை பாழாய்ப் போயிற்று. சூடு மீறி, என் பொம்மைகள் இருநூறும் இடுப்பொடிந்து ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. கரி சரியில்லை என்றார் மேஸ்திரி. முதலாளி முதலில் வர்ணம் போட்ட என்னைத் திட்டினார், பிறகு மேஸ்திரி பக்கம் திரும்பினார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார். ஐம்பத்திரண்டு வயதில் வேறு எந்தப் பட்டறை அவரைச் சேர்த்துக்கொள்ளும்?

கார்த்திகையில் ஒரு காலை. வானம் மூடியிருந்தது, ஊதக்காற்று. வேலிக்கு அந்தப் பக்கம் கூண்டருகே நின்றுகொண்டு மேஸ்திரி கூப்பிட்டார். "தங்கச்சி, இங்க வந்து பாரு. பச்சைப்பசேல்னு இருக்குது. நாலாவது கட்டம்!"

போய்ப் பார்த்தேன். பச்சோந்தி குளிரில் ஒடுங்கி, கரிக்கட்டை நிறத்தில் இருந்தது.

முதலில் என்னைக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் கேலி இல்லை. சோதித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. தூசி தட்டுகிற மாதிரி டைலைக் கழற்றி, அவர் அறியாமல் தலைகீழாக மாட்டினேன். "எந்தக் கட்டம்ணே? தொட்டுக் காட்டுங்க" என்றேன். மேலிருந்து விரலால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி, இப்போது நாலாவதாக இருந்த பழுப்பின் மேல் வைத்தார். "இதோ, இந்தப் பச்சைதான்."

டைலைக் கழற்றி நேராகத் திருப்பி மாட்டினேன். அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. கூண்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார்.

"ஒரு வருஷமா பொகை மூடுன மாதிரி இருக்குது. நிறம் பிரிச்சித் தெரியல, குத்துமதிப்பாத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். நெருப்பும் மங்கலாத்தான் தெரியுது. இன்னும் சூடு ஏறலையேன்னு கரி போட்டுக்கிட்டே இருந்துட்டேன். உன் பொம்மைங்களை நான்தான் கெடுத்தேன், தங்கச்சி. வெளிய சொல்லிடாத. நாளான்னிக்கி சூளை உச்சத்துக்கு வரும்."

இருநூறு பொம்மைக்கு நான் வாங்கின திட்டு எனக்கு மறக்கவில்லை. கோபம் வரத்தான் செய்தது. ஆனால் பிச்சைக்காரர் மாதிரி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தக் கர்வக்காரரைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. "சொல்லல. ஆனா இந்தச் சூளை எறங்குனதும் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போயி கண்ணைக் காட்டணும். இல்லன்னா நானே முதலாளிகிட்ட சொல்லிடுவேன்" என்றேன். மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினார்.

சூளை உச்சத்துக்கு வந்த மதியம் நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று பாவாடை கேட்டான். "அவளுக்கு அவ பொம்மை மேல பயம், பாத்துட்டுப் போவட்டும்" என்றார் மேஸ்திரி. செங்கல்லை உருவினார். நான் எட்டிப் பார்த்தேன், புருவம் பொசுங்கியது.

"என்ன நிறம்?" உதடு அசையாமல் கேட்டார்.

"செம்மஞ்சள். பழுத்த பூவரச எலை."

"போடு கரி" என்றார் பாவாடையிடம். கால் மணிக்கு ஒரு தரம் பார்த்துச் சொன்னேன். பூவரச இலை போய் வாழைப்பழத் தோல் வந்தது. அது போய், உரித்த பனங்கிழங்கின் உள் நிறம் வந்தது.

"பனங்கிழங்கா? நல்லாப் பாத்தியா?"

"பனங்கிழங்குதான்ணே."

"நிறுத்துடா கரியை!" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், பழைய மேஸ்திரி அப்படியே திரும்பி வந்திருந்தார். நான்கு நாள் கழித்துச் சூளை பிரித்தபோது ஒரு பொம்மைகூடக் கோணவில்லை. முதலாளி மேஸ்திரியின் முதுகில் தட்டிக்கொடுத்தார். பக்கத்திலேயே நின்ற எனக்கு ஒரு வார்த்தை கிடையாது.

சொன்னபடி பாண்டிச்சேரி போனார். புரை என்று சொல்லி ஆபரேஷன் செய்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தவர், துணைக்குப் போன தங்கம்மாளைக் கார்டு எழுதச் சொல்லி எனக்குத் தினம் ஒரு உத்தரவு அனுப்புவார். பல்பு எந்த ஓரம், வெயில் எத்தனை நாழி, வெட்டுக்கிளிக்கு இறக்கை கிள்ளினாயா. அந்த ஜந்துவைத் தொட மாட்டேன் என்று சபதம் செய்திருந்த நான், அது என் விரலில் ஏறி உட்கார்ந்து ஒரு கண்ணால் என்னையும் மறு கண்ணால் தெருவையும் பார்க்கிற அளவுக்கு வந்திருந்தேன். கண்கட்டை அவிழ்க்கிற அன்று ஒரே பொம்மைக்கு இரண்டு தரம் புருவம் எழுதிவிட்டேன். பார்வை வராவிட்டால் அந்த மனிதர் வேலையில்லாமல் எப்படி உட்கார்ந்திருப்பார்?

தை பிறந்து, பொங்கல் கழிந்து வந்து சேர்ந்தார். முகத்தில் சோடாபுட்டிக் கண்ணாடி. அதற்குள் கண் இரண்டும் எலுமிச்சம்பழம் போலப் பெரிதாகத் தெரிந்தன. "சின்ன மேஸ்திரிக்கு அண்ணன் மாதிரியே ஆயிட்டாரு" என்றாள் தங்கம்மாள். நான் கூண்டைக் கொண்டுபோய் எலுமிச்சை மரத்தடியில் வைத்தேன். டைலை வேண்டுமென்றே தலைகீழாக அவர் கையில் கொடுத்தேன்.

வாங்கியதும் அதை நேராகத் திருப்பிப் பிடித்தார். எனக்கு அதுவே போதும். ஆனால் அவர் விடவில்லை. டைலைப் பச்சோந்தியின் பக்கத்தில் வைத்து, அதையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"தங்கச்சி, இந்த நாலாவது கட்டம் தப்பு. இன்னும் கொஞ்சம் மஞ்சள் சேர்த்திருக்கணும் நீ. இதை வச்சிக்கிட்டா என்னைப் பரீட்சை பண்ணுனே?"

பதினைந்து வருஷமாக வர்ணம் தீட்டுகிறேன், என் பச்சையை ஒருத்தரும் குறை சொன்னதில்லை. வெடுக்கென்று டைலைப் பிடுங்கிக் குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், மஞ்சள் குறைவு. அப்படியே வேலியோரம் உட்கார்ந்து அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான் அழுகிறேன் என்று தெரியாமல், "ஒரு சொட்டு மஞ்சளுக்குப் போயி யாராவது அழுவாங்களா?" என்று அந்த மனிதர் என்னைச் சமாதானம் செய்துகொண்டிருந்தார்.