கிட்ட இழுத்த மலை

செல்லூரில் எனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ. பாஸ்போர்ட் போட்டோ, காதுகுத்து, சடங்கு வீடு, அம்புட்டுதான் தொழில். எட்டடிக்கு மேல் தள்ளி நின்று நான் எதையும் எடுத்ததில்லை. அப்படிப்பட்டவன் மலையை எடுக்க ஜூம் லென்ஸ் தேடிப் போனது என் வீட்டுக்காரிக்காக.

அவளுக்குப் புற்று முதுகெலும்பு வரை போய்விட்டது. உட்காரவே முடியாது. வைத்தியம் தொடங்கின அன்றைக்கு ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து எங்கள் குலசாமிக்கு வேண்டிக்கொண்டாள். கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு சின்னப் பாறைக் கரட்டின் மேல் சாமி இருக்கிறது. ஒரு வேல், சுண்ணாம்பு அடித்த நாலு சுவர். பின்னால் இருக்கிற பெரிய மலையில் குவாரி. வெடி வைக்கிறோம் என்று சொல்லி, கரட்டுப் பாதையையும் சேர்த்துக் கம்பி வேலி போட்டு அடைத்துவிட்டார்கள்.

"என்னால வர முடியாது. நீங்களும் மேல ஏற முடியாது. ஒரு படமாவது எடுத்துட்டு வாங்க, படுத்துக்கிட்டே கும்பிட்டுக்கிறேன்" என்றாள். சாமி அங்கே இருக்கிறது என்கிற ஒரே பிடிமானத்தில்தான் அவள் வலியைத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

டவுனில் பழைய லென்ஸ் விற்கிற கடைக்குப் போனேன்.

"என்ன விசேஷம்ணே?" என்றார் கடைக்காரர்.

"மலை எடுக்கணும். மேல சாமி இருக்கு. அவசரம்."

"மலை எங்கண்ணே ஓடப்போகுது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று எழுபது-இருநூறு எம்.எம். இன்னொன்று நூறு-நானூறு, கையில் வாங்கினால் அம்மிக் குழவி மாதிரி கனத்தது.

"நானூறு எம்புட்டு தூரம் இழுக்கும்?" என்று கேட்டேன். தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டுவதை நாங்கள் இழுக்கிறது என்றுதான் சொல்வோம்.

"நல்லா இழுக்கும்ணே. ஆனா மலை, வயக்காடு எடுக்க இருநூறே போதும். நானூறு சாமிய மட்டும் இழுக்காது. பின்னால கெடக்குறதையும் சேத்து இழுத்துட்டு வந்துரும். ரெண்டும் ஒட்டிக்கிட்ட மாதிரி தெரியும்."

காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. சன்னதிக் கூட்டத்தில் இன்னும் ஓரடி, இன்னும் ஓரடி என்று முண்டுகிறவனின் புத்தி எனக்கு. சாமியைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். நானூறையே வாங்கினேன்.

அவள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண்ணாடியில் படாமல் ஓரமாகத் திருநீறு பூசினாள். மறுநாள் விடிந்ததும் கரட்டுக்கு எதிரே இருக்கிற கண்மாய்க் கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டாண்டைப் போட்டு எடுத்தேன். சுவரில் வழிந்த மழைக்கறை கூடத் தெளிவாக விழுந்தது. கை தானாகக் கூப்பிக்கொண்டது. வேல் ஒன்றைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை.

பெரிசாகப் பிரிண்ட் போட்டு அவள் கட்டிலுக்கு எதிரே பிடித்தேன். வெகுநேரம் பார்த்தாள்.

"ஏங்க, சாமி முதுகு வரைக்கும் வெட்டிட்டாய்ங்களா?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். கோயில் சுவரை ஒட்டி, அறுத்த பாறை வெள்ளையாக நின்றது.

"இல்ல புள்ள. லென்ஸ் இழுத்துருச்சு. நடுவுல நாலு வயக்காடு கெடக்கு."

"மலைய லென்ஸ் இழுக்குமாக்கும். போட்டோ பொய் சொல்லாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க?"

முகம் கறுப்பாக விழுந்துவிட்டது என்று ஸ்டுடியோவில் சண்டைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்கிற வார்த்தை அது. இத்தனை வருசம் அதைச் சொல்லித்தான் பிழைத்தேன்.

அன்றைக்கே போய் லென்ஸை மாற்றினேன். எழுபது-இருநூறோடு கிழக்கே சுற்றிப்போய், பக்கவாட்டில் நின்று, இழுக்காமல் எடுத்தேன். கரடு தனியாக, குவாரி மலை தனியாக, நடுவே காய்ந்த வயல். இதைப் பார்த்தால் சமாதானமாகிவிடுவாள் என்று நினைத்தேன்.

"இது பழைய படம்" என்றாள். "வேலிய காணோம் பாருங்க. நான் மனசு ஒடியக் கூடாதுன்னு எடுத்தாந்திருக்கீங்க."

அம்புட்டு தூரத்தில் கம்பி வேலி விழாது என்று எடுத்துச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் திருநீறு எடுத்துப் போனேன். எப்போதும் நெற்றியை நீட்டுவாள். அன்றைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்த முடிச்ச அவுத்துருங்க. அங்கன இனி யாரு இருக்கா?"

நான் அவிழ்க்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தாள். கடைசிவரை சாமி பேரை அவள் வாய் சொல்லவில்லை. குளிப்பாட்டிய பிறகுதான் என்னால் அவள் நெற்றியில் திருநீறு வைக்க முடிந்தது.

காரியம் முடிந்து முடிச்சை எடுத்துக்கொண்டு போனேன். வேலிக் கம்பியில் கட்டினேன். கேமரா கொண்டுபோகவில்லை. வேலி ஓரமாகவே கிழக்கே நடந்து, நின்று வெறுங்கண்ணால் பார்த்தேன். கோயில் நகத்தளவு தெரிந்தது. குவாரி எங்கோ தள்ளிக் கிடந்தது. ஒரு வேனில் படுக்க வைத்தாவது அவளை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து காட்டியிருக்கலாம். எது நல்லா இழுக்கும் என்று கடை வாசலில் நின்றுகொண்டிருந்த எனக்கு அது தோன்றவே இல்லை, முருகா.