சூசைதாசனின் தூக்குத் தண்ணீர்

தெருவில் பழைய இரும்பு மூடி ஒன்றைக் கண்டுவிட்டால் சூசைதாசன் அதன்மேல் ஏறி நின்றுவிடுவார். பின்னால் வருகிறவர் வந்து இடித்தாலும் கவலையில்லை. "இதுக்குக் கீழை ஒரு காலத்திலை தண்ணி ஓடினது. குடிக்கிற தண்ணியில்லை, தூக்கிற தண்ணி!" மனைவி அன்ரனிற்றா திரும்பியும் பாராமல், "ஓம் ஓம், நடவுங்கோ" என்பார்.

மன்னாரில் பிறந்த சூசைதாசனுக்கு, ஜெர்மனியில் கொலோனுக்கு அருகே ஒரு தொழில் நகரத்தின் பழைய பம்ப் நிலையத்தில் தரை துடைக்கும் வேலை. இப்போது அது அருங்காட்சியகம். மின்சாரம் பரவுவதற்கு முன்னர் அங்கிருந்துதான் காற்றழுத்தத்தைப்போல ஐம்பது மடங்கு அழுத்தமேற்றிய தண்ணீர் ஊர் முழுக்கக் குழாயில் போனது. இணைப்பு எடுத்தவர் குழாயைத் திறந்தால் லிஃப்ட் ஏறும், துறைமுகத்தில் பாரந்தூக்கி அசையும். எட்டு வருடம் துடைத்ததில் அத்தனையும் அவருக்கு மனப்பாடம்.

தன்னை வழிகாட்டியாக விடும்படி அவர் கேட்டுக் கேட்டு, 2006இல் அருங்காட்சியகப் பொறுப்பாளர் அம்மா ஒருவழியாக இறங்கி வந்தார். ஞாயிறு மூன்று மணிக்குத் தமிழில் சுற்றிக்காட்டலாம். இருபது பேர் வந்து, அவர் நன்றாகவும் சொன்னால் மாதம் ஒருமுறை வழிகாட்டி வேலை. இல்லாவிட்டால் துடைப்பந்தான்.

நம் ஆட்கள் இரண்டு மணி நேரம் பிந்துவார்கள் என்பது சூசைதாசனுக்குத் தெரியாதா? எல்லோருக்கும் ஒரு மணி என்றே சொல்லிவைத்தார். ஜெர்மன்காரரின் இடமாயிற்றே என்று பயந்து, முப்பத்திரண்டு பேரும் ஒரு மணிக்கே வந்து நின்றார்கள். கதவு பூட்டு. சாவி பொறுப்பாளரிடம்.

"அண்ணை, குளிருது. நாங்கள் போறம்" என்றார் றெக்ஸ் என்ற ஒருவர்.

சூசைதாசன் வழியை மறித்தார். "போகாதேங்கோ! வாங்கோ, குழாய் போன வழியிலை போவம்!" மூடி மூடியாக, தெருத் தெருவாக இழுத்துக்கொண்டு போனார். டிராம் இரைச்சலுக்கு மேலால் ஒன்றும் விடாமல் கத்தினார்.

மூன்று மணிக்குத் திரும்பியபோது ஆளொன்றும் குறையவில்லை. குறைந்தது அவர் குரல்தான். பொறுப்பாளர் அம்மா தொடங்கும்படி கைகாட்டினார். சூசைதாசன் வாயைத் திறந்தார். வெறும் காற்று வந்தது.

"தள்ளுங்கோ" என்று முன்னுக்கு வந்தார் அன்ரனிற்றா. "எட்டு வருசமாச் சோறு போடேக்கை இதைத்தானே கேக்கிறன்." பாரம் ஏறுவதையும் தண்ணீர் அமுங்குவதையும் கையால், இடுப்பால், கண்ணால் காட்டி வெளுத்து வாங்கினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தமிழ் ஒரு சொல்லும் விளங்காத பொறுப்பாளர் அம்மாவும் சிரித்து, வழிகாட்டி அட்டையை அன்ரனிற்றாவின் சேலையில் குத்திவிட்டார்.

சூசைதாசனுக்குச் சுருக்கென்றது. பெருமையாகவும் இருந்தது, அதுதான் கரைச்சல். அப்போது பார்த்து, விளக்கத்தைத் தொடர்ந்த அன்ரனிற்றா, "முப்பது மடங்கு அழுத்தம்" என்றார். அது ஐம்பது மடங்கல்லவா!

சூசைதாசன் கூட்டத்தின் கடைசிக்குப் போய், பார்க்க வந்தவர்களில் ஒருவராக திருத்தம் சொல்ல விரலை உயர்த்தி, அன்ரனிற்றா தன்னைக் கண்டு என்னவென்று கேட்கும் வரை காத்து நின்றார்.