மூன்றாம் தண்ணீர்

ஆஸ்பத்திரியிலிருந்து என்னை மாட்டு வண்டியில்தான் கொண்டுவந்தார்கள். ரிக்‌ஷாக்காரர் ஒருவரும் ஏற்றவில்லை. முகத்தைப் பார்த்ததுமே பெரியம்மை என்று தெரிந்துவிடும். வைக்கோல் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய வண்டி அது. அந்த மாட்டுக்கு ஒரு கொம்புதான் இருந்தது, அதிலும் பச்சைச் சாயம். மாட்டைப் பற்றி எதற்குச் சொல்கிறேன் என்றால், மயிலாப்பூர் வருகிற வரைக்கும் நான் பார்த்தது அந்தக் கொம்பு ஒன்றைத்தான். தலையைத் திருப்பத் தெம்பில்லை. இடது கண்ணில் பால் ஊற்றியதுபோல வெள்ளை படர்ந்திருந்தது.

எத்தனை நாள் அங்கே கிடந்தேன் என்று எனக்குத் தெரியாது. தொண்டைக்குள்ளும் கொப்புளம். மூக்கு வைத்த கிண்ணத்தால் ஒரு நர்ஸம்மா சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவார். இமை ஒட்டிக்கொண்டதால் பகலா ராவா என்பது கிடையாது. பக்கத்துக் கட்டிலில் ஒருவர், “கதவ தொற, கதவ தொற” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு அந்தக் குரல் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்தும் கண்ணை மூடினால் அது கேட்கும். அதைச் சொன்னது அவரா நானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

கிளம்பும்போது டாக்டர் என்னிடம் சொன்னது கொஞ்சம்தான். தினமும் நட, முட்டையும் மீனும் சாப்பிடு, உடம்பு பழையபடி ஆக ஒரு வருஷம் பிடிக்கும் என்றார். எனக்கு ஒரு வருஷம் ஏது? எங்கள் கட்டுமரத்தில் மூன்று பேர். என் பெண்டாட்டியின் தம்பி, என் சித்தப்பா மகன், நான். நான் படுத்ததும் என் இடத்துக்கு அடையாற்றுப் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒருவனைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றியதும் எந்த மரத்தில் யார் யார் என்று எங்கள் குப்பத்தில் பேசி முடிப்பார்கள். அதற்குள் நான் எழுந்து நின்றால் என் இடம் எனக்கு. இல்லையென்றால் அவனுக்கு. கடலை விட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது, கையெழுத்துகூடத் தெரியாது.

வீட்டு வாசலில் என் அத்தை நின்றிருந்தாள். அப்பாவின் அக்கா, எனக்கு மாமியாரும் அவள்தான். வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என்னைக் கூட்டிவந்த மச்சானிடம் கேட்டாள்:

“தலைக்கு தண்ணி ஊத்தனாங்களா?”

“ஊத்தனாங்கம்மா. ஊதா கலர்ல இன்னாவோ மருந்து கலந்து ஊத்தனாங்க.”

“மருந்தா? மஞ்சா இல்ல, வேப்பெல இல்ல, தாயே போய் வாம்மான்னு ஒரு வார்த்த இல்ல. அவ எப்டிடா போவா? இன்னும் இவன் மேலதான் குந்திகினு கீறா.”

அம்மை கண்ட உடம்பில் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்பது எங்கள் நம்பிக்கை. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் சுடவைத்த தண்ணீரை, நாள் விட்டு நாள் மூன்று தரம் தலையில் ஊற்றி அவளை வழியனுப்ப வேண்டும். அதுவரை வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. வீட்டிலும் அந்த வரிசையிலும் எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது, மீன் வறுக்கக்கூடாது. எனக்கு இளநீர், மோர், கேழ்வரகுக் கூழ். என்னை யாரும் தொடக்கூடாது. வேப்பங்கொத்தால் தடவிவிடலாம், அவ்வளவுதான்.

மூன்று தண்ணீர்தானே, ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். முதல் தண்ணீர் ஊற்றினார்கள். மறுநாளே நாலு வீடு தள்ளி ஒரு குழந்தைக்கு அம்மை கண்டுவிட்டது. தெருவில் அம்மன் இருக்கும்போது ஒரு வீட்டிலிருந்து மட்டும் துரத்துவார்களா? நிறுத்திவிட்டார்கள். அந்தக் குழந்தை பிழைத்து எழுந்தபின் மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் தண்ணீர் ஆனது, பின்னாலிருந்த வீட்டில் கண்டது. மறுபடி நிறுத்தம்.

நான் கிடந்த அறையில் ஜன்னல் இல்லை. ஓலை விரிசல் வழியாக ஒரு கோடு வெளிச்சம் வரும். சுவரைப் பிடித்து எழுந்தால் முழங்கால் நடுங்கும். விரல்கள் மடங்காது. ஒருநாள் இடுப்புக் கயிற்றில், மரம் கட்டுகிற முடிச்சைப் போடப் பார்த்தேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் போடுகிற முடிச்சு அது. கை எங்கே போகவேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது. குழந்தைபோல அழுதேன். அழுத சத்தம் கேட்டு அத்தை வெளியிலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “தாயே, கோச்சிக்காதம்மா!”

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். என் பெண்டாட்டிதான் பெரிய கஷ்டம். அத்தை மகள், சின்ன வயதிலிருந்து என்னைத் திட்டியே வளர்ந்தவள். “யோவ், சோம்பேறி” என்பதுதான் அவள் வாயில் என் பெயர். இப்போது கூழை வாசற்படிக்குள் தள்ளிவைத்துவிட்டு, “எடுத்துக்க தாயே” என்று கும்பிட்டுவிட்டுப் போவாள். என் முகத்தைப் பார்ப்பதில்லை. அம்மனுக்குப் பயந்தா, தழும்புக்குப் பயந்தா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒருநாள் ஆசை பொறுக்காமல் கத்திவிட்டேன்.

“ஒரு துண்டு சொறா குடுங்கடி! செத்துடுவன் போலகீது!”

வெளியே ஒரே பரபரப்பு. அத்தை தேங்காய் உடைத்தாள். “அம்மா சோதிக்கிறாடி. கவிச்சி கேக்குறா பாரு. இன்னும் எறங்கல, எனுக்கு அப்பவே தெரியும்!” அதோடு மூன்றாம் தண்ணீர் இன்னும் கொஞ்சநாள் தள்ளிப்போனது.

பக்கத்து வீட்டில் மீன் கூடை சுமக்கிற அக்கா ஒருத்தி. அவளுக்கு மட்டும் சாமி பயம் கொஞ்சம் குறைவு. சுவருக்கு அந்தப்புறம் நின்று, “இன்னா நைனா, எப்பதான் கெளம்புறா உங்க வூட்டு விருந்தாளி? நாங்க மீன வறுத்துத் துன்னு எத்தினி நாளாச்சி தெரியுமா? விக்கிறது மீனு, துன்றது மோரு. இன்னா பொழப்புடா இது!” என்பாள். எனக்குச் சிரிப்பு வந்தால் விலா வலிக்கும். ஆனாலும் அவளே ஒருநாள் வாசலில் வந்து மெதுவாகக் கேட்டாள். அவள் மகன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா பக்கம் போனவன், தகவலே இல்லை.

“வருவானா தாயே?”

“எக்கா, நான்தாங்கா. எனுக்கு இன்னா தெரியும்?”

 அவள் தரையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அம்மன் தெரியாது என்று சொல்லிவிட்டாளாம். அன்று முழுக்க அவள் வீட்டில் அழுகை. வாயைத் திறந்தாலும் தப்பு, மூடினாலும் தப்பு என்று அதற்கப்புறம் நான் யாரிடமும் பேசுவதை விட்டேன்.

ஆடி பிறந்தது. மச்சான் வாசலுக்கு வெளியே குந்தி உட்கார்ந்தான்.

“மாமா, நாளான்னிக்கு கூழு ஊத்துறாங்க.”

“தெரியும்.”

“அந்த அடையாத்துக்காரன் துடுப்பு நல்லாத்தான் வலிக்கிறான். கெட்டவன் இல்ல. நீ ஒரு தபா வந்து மரத்து மேல நின்னு காட்டு. நான் பேசிக்கிறேன்.”

“எப்டிடா வருவன்? உங்கம்மா வுடுவாளா?”

அவன் கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் வெயில் ஏறியபின் அத்தை கோயிலுக்கு மாவு இடிக்கப் போனாள். நான் வேப்பிலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வெளிச்சம் கண்ணில் குத்தியது. வீட்டுச் சுவர், வேலி, காய்கிற வலைக்கம்பு என்று பிடித்துப் பிடித்து நடந்தேன். பிடிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் கையும் காலுமாகத் தவழ்ந்தேன். என்னைப் பார்த்ததும் பெண்கள் குடத்தோடு ஓடிவந்து, “அம்மா வந்துட்டா, தானா வந்துட்டா!” என்று முன்னால் தண்ணீர் தெளித்தார்கள். ஆண்கள் வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிட்டார்கள். எல்லாரும் வழி விட்டார்கள், ஒருவரும் கை கொடுக்கவில்லை.

எங்கள் மரம் தெரிகிற தூரத்தில் விழுந்தேன். முகம் சுடுமணலில். புரளத் தெம்பில்லை. சுற்றி வட்டமாக நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். எழுந்திருக்க முடியாத மனிதன் ஒருவன் அங்கே கிடக்கிறான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

“யோவ்!”

கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள் என் பெண்டாட்டி. “எங்கயா வந்து விழுந்துகீற? செத்துத் தொலையலாம்னு வந்தியா?” என்று அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். கூட்டத்தில் ஒரு கிழவி, “அடிப்பாவி, தொட்டுட்டியே!” என்றாள். “தொட்டா இன்னா? எம் புருசன். மணலு சுடுது, பாத்துகினு நிக்கிறீங்களே!” என்றாள் இவள்.  என் முகத்தை நேராகப் பார்த்தாள். பார்த்துவிட்டு முந்தானையால் மணலைத் துடைத்தாள்.

“மரத்தாண்ட இட்டுகினு போ” என்றேன்.

கொண்டுபோனாள். மச்சானும் அடையாற்றுக்காரனும் அங்கே நின்றிருந்தார்கள். மணலில் கிடந்த மரத்தின் மேல் ஏறினேன். அவள் கையை விடச் சொன்னேன். விட்டாள். அலைகூட இல்லை, காய்ந்த தரை. இரண்டு மூச்சு விடுகிற நேரம் நின்றிருப்பேன். முழங்கால் மடிந்தது. பிடித்தவன் அந்த அடையாற்றுக்காரன்தான்.

“ஒன்னும் அவசரம் இல்லண்ணே” என்றான், என்னை உட்காரவைத்துவிட்டு. மச்சான் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் கூழ் ஊற்றினார்கள். என் பெண்டாட்டி தொட்டதில் அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று பயந்து அத்தை அவசர அவசரமாக மூன்றாம் தண்ணீரையும் என் தலையில் ஊற்றினாள். போகச் சொல்லி அம்மனிடம் கெஞ்சினாள். சாயங்காலம் பேச்சு முடிந்தது. அந்த வருஷத்துக்கு மரத்தில் என் இடம் அடையாற்றுக்காரனுக்கு.

அன்றிலிருந்து எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றார்கள். வாசலில் வேப்பிலை இல்லை, யாரும் கும்பிடவில்லை. நான் வலைக்கம்பு வரைக்கும் போவேன், அங்கே உட்கார்ந்துவிடுவேன். அதற்கு மேல் கால் வராது. விடியலில் அவர்கள் மூன்று பேரும் மரத்தைத் தள்ளிக்கொண்டு இறங்குவது அங்கிருந்து நன்றாகத் தெரியும். “யோவ், எழுந்து நட, நாளிக்கு இன்னும் நாலு அடி” என்று பின்னால் நின்று அவள் திட்டுவாள். நான் கம்பைப் பிடித்துக்கொண்டு எழுவேன்.