சாப்பிட்டுவிட்டே வரலாம்

டென்மார்க்கில் கொலஸ்ட்ரால் பார்க்க ரத்தம் எடுக்கப் போனால், சாப்பிட்டீர்களா என்று யாரும் கேட்பதில்லை. இது தெரியாமல் முதல் தடவை நான் முந்தின இரவோடு வாயைக் கட்டிக்கொண்டு, காலையில் காபிகூடக் குடிக்காமல், குளிரில் சைக்கிள் மிதித்துப் போய் நின்றேன். ரத்தம் எடுத்த நர்ஸிடம், நேற்று இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. வீட்டில் ஏதாவது பிரச்சினையா, மனசு சரியில்லையா என்று தணிந்த குரலில் விசாரித்தாள். ஒரு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து கொடுத்து, நான் தின்று முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பரிசோதனைக்காகத்தான் பட்டினி என்று அரைகுறை டேனிஷில் விளக்கியதும் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "நீங்கள் சாப்பிட்டுக்கொண்டு வாழ்கிறவர்தானே? அப்படி இருக்கும்போது ரத்தம் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் போதும்" என்றாள்.

எங்கள் காஞ்சிபுரத்தில் எதிரே வருகிற எல்லோரும் "சாப்டியா" என்று கேட்பார்கள். இல்லை என்றால் வருத்தப்படுவார்கள். இல்லை என்ற பதிலைக் கேட்டுச் சந்தோஷப்படுகிற ஒரே ஆள் லேப்பில் ரத்தம் எடுக்கிற பெண்தான். பட்டினி எங்களுக்குப் புதிதும் இல்லை. ஏகாதசிக்கு ஒரு கூட்டம், சஷ்டிக்கு ஒரு கூட்டம். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து என்னோடு படிக்க வந்த சமணத் தோழி பொழுது சாய்ந்தபிறகு பச்சைத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வாள். ஆனால் ரத்தப் பரிசோதனைக்கு எங்கள் ஆட்கள் இருக்கிற விரதமே தனி. ஒரு வாரம் முன்பே கறி கிடையாது, எண்ணெய்ப் பலகாரம் கிடையாது. லேப்புக்காரர்கள் மார்க் போடப் போகிறார்கள் என்கிற நினைப்பு. ரிசல்ட் நன்றாக வந்ததும் வாசலிலேயே வடை வாங்கித் தின்பார்கள்.

ரிசல்ட்டைப் பார்த்துச் சொன்ன டாக்டரின் பெயர் மெட்டே. இங்கே டாக்டரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், எனக்கு இன்னும் நாக்கு கூசுகிறது. வயது, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சிகரெட் உண்டா இல்லையா என்று கேட்டுக் கணினியில் போட்டால், அடுத்த பத்து வருஷத்தில் இதயம் எப்படி நடந்துகொள்ளும் என்று ஒரு கணக்கு வருகிறது. எங்கள் ஊர் ஜோசியர் ஆயுசு கெட்டி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். மெட்டே அப்படி விடவில்லை. குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்றாள். யாருக்கும் இல்லை என்றேன். அப்பா இருக்கிறாரா என்றாள்.

"இல்லை. ஆனால் மிகவும் நல்ல சாவு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. நானும் விடாமல் சொன்னேன். ஒருநாளும் படுக்கையில் கிடந்ததில்லை, ஒரு ஊசி போட்டுக்கொண்டதில்லை, இரவு சாப்பிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை, அப்போது ஐம்பத்து நான்கு வயது. சாவுக்கு வந்த ஜனமெல்லாம் கொடுத்து வைத்த மனுஷன் என்றுதான் பேசியது. அம்மாவுக்கு அழுகைக்கு நடுவிலும் அதில் ஒரு பெருமை. இதையெல்லாம் நல்ல சேதி போலவே சொல்லிக்கொண்டு வந்தேன். மெட்டே கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தாள். "அது அனேகமாக இதயம்தான்" என்றாள். அப்புறம், "உங்களுக்கு உடன்பிறந்தவர்கள் உண்டா?"

உண்டு. ஒரே ஒரு அண்ணன். ஏழுமலை என்று பெயர், செவிலிமேட்டில் வீடு, கல்யாண சமையல் மாஸ்டர். அப்பா போன வயது அவனுக்கு வந்துகொண்டிருந்தது. அப்பாவின் தொப்பை, அப்பாவின் கோபம், அப்பா குடித்த அதே சிகரெட். என் கணக்கைப் பற்றி மெட்டே அதற்குமேல் சொன்னதெதுவும் காதில் ஏறவில்லை.

அன்றைக்கே அண்ணனைக் கூப்பிட்டு, ரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொன்னேன். கல்யாணப் பட்டு எடுக்க வருகிற ஊர் எங்களுடையது, கல்யாணத்துக்கும் குறைவில்லை. முகூர்த்த நாளுக்கு முந்தைய சாயங்காலம் அடுப்பு மூட்டினால் மறுநாள் பந்தி முடிகிறவரை அண்ணன் கையிலிருந்து கரண்டி இறங்காது. சாம்பாரைப் புறங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பான், பாயசத்தை உள்ளங்கையில் வாங்குவான். பன்னிரண்டு மணி நேரம் வாயில் ஒன்றும் படாமல் இருப்பது அவன் தொழிலில் நடக்காத காரியம்.

"உப்பு பாக்காம எப்டி பாப்பா எறக்கறது? ஆடி வரட்டும், கல்யாணம் இருக்காது. அப்ப போறேன்" என்றான். ஆடி வந்தது, கோயில் கூழுக்கு அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனான். மார்கழி என்றான், ஐயப்ப பக்தர்களின் அன்னதானம் வந்தது. பேச்சு முற்றினால் கடைசியில் ஒரே பதில்தான்: "நைனா மாதிரி போனா கொடுத்து வச்சவன்தான?" அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொடுத்து வைத்தது யார், அப்பாவா, நாங்களா? அப்பா போனபோது அண்ணனுக்கு மீசை முளைக்கவில்லை. படிப்பை விட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போனவன்தான் இன்றைக்கு மாஸ்டர்.

அப்புறம்தான் வாழைப்பழ நர்ஸ் சொன்னது எனக்கு உறைத்தது. சாப்பிட்டுவிட்டே போகலாம் என்று நான் சொன்னதும் அவனுக்குச் சாக்கு தீர்ந்துபோனது. ஒரு கல்யாணம் முடிந்த கையோடு, சட்டையில் சாம்பார் வாடையோடு போய் நின்றிருக்கிறான். "சாப்டீங்களா அண்ணே" என்று கேட்டிருக்கிறாள் லேப் பெண். "ரெண்டு பந்தி பரிமாறிட்டு, சாப்டுட்டுத்தான் வர்றேன்" என்றதும், நாளைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லி அனுப்பிவிட்டாள். விடுதலையானவன் போலத்தான் வீட்டுக்கு வந்தானாம். "உங்க டென்மார்க் ரத்தம் வேற, எங்க ரத்தம் வேற" என்று போனில் சிரித்தான். நான் வைத்துவிட்டேன். அன்று முழுக்க எதைச் செய்தாலும் கண் கலங்கியது.

நான் அழுததை எங்கள் அண்ணி சரளா எப்படியோ தெரிந்துகொண்டாள். அவள் அதிகம் பேசமாட்டாள். மறு வாரமே பாலாற்றுப் பக்கம் புதிதாகக் கிளினிக் போட்டிருந்த ஒரு டாக்டர் பெண்ணிடம் அண்ணனைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டாள். "எங்க நாத்தனா சொல்லிக்கினே இருக்குது, துன்னுட்டே பாக்கலாம்னு. நெஜமா டாக்டர்?" என்று கேட்டாளாம். நிஜம்தான் என்றிருக்கிறது அந்தப் பெண். சாப்பிட்டால் கொழுப்பில் ஒரு வகை மட்டும் கொஞ்சம் ஏறிக் காட்டும், ரொம்ப அதிகமாக இருந்தால் வெறும் வயிற்றில் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம், சர்க்கரைக்கும் மூன்று மாத சராசரியைப் பார்க்கிற டெஸ்ட் இருக்கிறது என்று பொறுமையாகச் சொல்லி, அங்கேயே ரத்தம் எடுத்துவிட்டது. அப்பா கதையையும் அண்ணி ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறாள்.

கொலஸ்ட்ரால் அதிகம், ரத்த அழுத்தமும் அதிகம். அப்பா போன வயது, அண்ணனின் சிகரெட் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த டாக்டர் பெண் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. அங்கே மெஷினில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள், பிறகு கைவழியே குழாய் விட்டு உள்ளே பார்த்தார்கள். இதயத்துக்குப் போகிற குழாய் ஒன்றில் பெரும்பாதி அடைப்பு. ஸ்டென்ட் வைத்து, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "ஒரு வலியும் இல்லியேபா, எப்டி?" என்று அண்ணன் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தான். அப்பாவுக்கும் வலி இருந்திருக்காது.

நடக்காமல் போன ஒன்றுக்கு யாருக்கு நன்றி சொல்வது? வாழைப்பழம் கொடுத்த நர்ஸ், கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்த மெட்டே, வெட்கப்படாமல் கேட்ட அண்ணி, முகம்கூடப் பார்த்திராத அந்த டாக்டர் பெண். இவர்கள் ஒருவரையொருவர் பார்க்கப் போவதே இல்லை. இந்த ஓடென்ஸ நகரத்துக்கு வந்த நாளிலிருந்து எதற்காக இங்கே வந்தோம் என்று என்னை நானே கேட்காத வருஷமில்லை. இந்த ஒரு காரியத்துக்காக வந்தேன் என்றே வைத்துக்கொள்கிறேன். மெட்டேவிடம் போய் அண்ணனைப் பற்றிச் சொல்லி நன்றி என்றேன். அது என் வேலைதானே என்று சொல்லிவிட்டு, வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பங்குனியில் அப்பாவுக்குத் திதி. அன்றைக்கு அண்ணன் எந்தக் கல்யாணத்தையும் ஒப்புக்கொள்ள மாட்டான். படையலை அவன் கையாலேயே சமைப்பான். சாமிக்கும் செத்தவர்களுக்கும் ஆக்குவதை ருசி பார்க்கக் கூடாது, காக்கை எடுக்கிறவரை பச்சைத் தண்ணீர்தான். அங்கே நடுப்பகல் என்றால் எனக்குக் காலை. இந்த வருஷம் மாத்திரை போட வேண்டும், சாப்பிட்டுவிடு என்றால் கேட்கமாட்டான் என்று தெரிந்து, சீக்கிரம் இலை போடச் சொல்லியிருந்தேன். நானும் உப்புப் பார்க்காமல் கொஞ்சம் பருப்புச் சாதம் ஆக்கி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, வீடியோவில் அண்ணன் தெரிய, போனை அதன் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். அங்கே மொட்டைமாடியில் சட்டென்று காக்கை இறங்கிவிட்டது. இங்கே வந்த காக்கைக்குத் தலையும் சிறகும் கறுப்பு, உடம்பு முழுக்கச் சாம்பல். இந்த ஊர்க் காக்கை அப்படித்தான் இருக்கும்.

"அங்க வந்துச்சா பாப்பா?" என்றான் அண்ணன், இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி.

"வந்துச்சுணா. சாப்டுக்கினு இருக்குது."

"ரெண்டு ஊருக்கும் ஒரே ஆளு போய் வரணும், பாவம்" என்று சொல்லிவிட்டு, சாதத்தைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் போட்டான். உப்பு கம்மி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஜன்னலில் அப்பா எவ்வளவு நேரம் இருந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் அண்ணன் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.