நீளாத வேர்

கொழும்பிலே ஒரு வெள்ளைப் பொடி இருக்கிறதாம், அதில் தொட்டு நட்டால் காய்ந்த குச்சிகூட வேர் விடுமாம் என்று யாரோ தோணிக்காரர் சொன்னதாக மீன்காரி பிலோமினா ஆத்தூரில் சொல்லிவிட்டுப் போனாள். வடிவம்மாள் கேட்டுச் சிரித்தாள். உலக யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. கொஞ்ச நாளில் அந்தப் பொடி அவள் வீட்டுக்கே வந்தது. கொண்டுவந்தவன் கூடப்பிறந்த தம்பி வன்னியபெருமாள். தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க்.

"எக்கா, இதுக்குப் பேரு ஹார்மோன். செடிக்குள்ள தானா ஊறுத சரக்குதான். விதைக்கொடி கணுவுல தொட்டா, அங்கன உள்ள உயிரணு ஒண்ணு ரெண்டாப் பிரிஞ்சு, ரெண்டு நாலாப் பிரிஞ்சு, வேராப் பொறப்படும்."

"கூடப் போட்டா?"

"கூட வேர் வரும். தாராளமாத் தொடு."

புருஷன் செத்தபின் குத்தகை வெற்றிலைக் கொடிக்காலை ஒற்றையாளாய்க் கட்டிக் காத்தவள் அவள். பஜ்ஜிக்கு மாவில் முக்குவதுபோல் முக்கி நட்டாள். கொடி, பற்றிப் படர நட்டிருந்த அகத்தியில் ஏறவே இல்லை. பிடுங்கிப் பார்த்தால் கணுவெல்லாம் பூண்டுபோல் வீங்கி, வேர் கட்டைவிரலாய் நின்றது. அந்தச் சரக்கு மிஞ்சினால் உயிரணுக்கள் பிரிந்து பிரிந்து குவியும்; வேர் மட்டும் நீளாது. நீளாத வேர் தண்ணீரைத் தேடிப் போகுமா?

ஊர் வேறு கதை கட்டியது. விலக்கான நாளில் கொடிக்காலுக்குள் போயிருக்கிறாள், தீட்டுப் பட்டுவிட்டது என்றார்கள். அவர்கள் சொல்லும்போது தம்பி பக்கத்தில்தான் நின்றான். வாய் திறக்கவில்லை.

அப்புறம்தான் அவன் புதிதாக நட்டிருந்த கொடிக்காலுக்குப் போய் ஒன்றைப் பிடுங்கினாள். கணுவில் பொடி பட்டும் படாமலும் இருந்தது. வேர் நூல் நூலாய் நீண்டு கிடந்தது.

"உனக்கு அளவு தெரிஞ்சிருக்கு, என்னலே?"

"பொடி குடுத்த தேயிலைத் தோட்டத்துத் தொர, கூடினா ஆகாதுன்னான். எவ்வளவு கூடினா கெடும்னு எங்கயாவது போட்டுப் பாக்கணும்லா? நான் இந்தப் பொடிக்கு ஏஜென்சி எடுக்கப் போறேங்க்கா."

"அதுக்கு எங் கொடிக்கால்தான் கெடச்சுதாலே? ஊரு என்னையத் தீட்டுக்காரிங்குது. நீ கல்லு மாதிரி நிக்க!"

"பொடி மேல குத்தம்னு சொன்னா, பொறவு எவன் வாங்குவான்?"

"நாளைக்கு நெலத்துக்காரர் வீட்ல இருந்து உன் கம்பெனிக்குப் போன் வரும். எடுத்து உள்ளதச் சொல்லிரு. அது போதும்."

தலையைக் குனிந்துகொண்டு "சரிக்கா" என்றான்.

நிலத்துக்காரர் சிவனாண்டியா பிள்ளை வீடு தூத்துக்குடியில். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தாடையைத் தடவினார்.

"ஆளை மாத்தச் சொல்லி ஊரே வந்து நிக்குதும்மா. உந் தம்பி வாயால பொடிதான் கெடுத்துதுன்னு வரட்டும், கொடிக்கால் உனக்குத்தான். வரலேன்னா வேற ஆளுதான்."

"சொல்லுவான் அண்ணாச்சி. அவன் மேசையிலதான் போன் இருக்கு."

பிள்ளை எக்ஸ்சேஞ்சில் நம்பர் கேட்டு, குழாயை அவள் கையில் கொடுத்தார். அந்தப் பக்கம் மணி அடித்தது. நின்று, மறுபடி அடித்தது.

"ஆளு இல்லியோ?" என்றார் பிள்ளை.

"இருக்கான் அண்ணாச்சி. வரும்போது கம்பெனி சன்னல் வழியா பாத்துட்டுத்தான் வந்தேன்" என்றாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.